சுண்ணாம்புப் பொட்டு வைத்த சாக் அப்சார்பர்

"ரூபி, ஆளு ஏறிச்சி."

பின் சீட்டிலிருந்து என் வீட்டுக்காரர் இதைச் சொன்னபோது பகல் பதினொரு மணி இருக்கும். சித்திரை மாதம். எங்கள் ஊர் மானாம்பதியிலிருந்து காஞ்சிபுரம் போகிற வழியில் ஓர் ஏரிக்கரைத் திருப்பம் உண்டு. அங்கே வந்ததும் நான் இரண்டாவது கியருக்கு இறங்கிவிடுவேன். அன்றும் இறங்கினேன். அப்போதுதான் காரின் பின்பக்கம், வலது மூலையில், மெத்தென்று கொஞ்சம் தாழ்ந்தது.

கதவு திறக்கவில்லை. வண்டி நிற்கவும் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். இடது ஓரத்தில் முதுகுக்குத் தலையணை கொடுத்து அவர் உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் சோற்றுக் கூடையும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. வேறு யாரும் இல்லை.

"வெயில்ல மூளை உருகிடுச்சா உங்களுக்கு?" என்றேன்.

"இல்லம்மே. ஆளு ஏறிச்சி. லேசான ஆளுதான். பொம்பளையா இருக்கும்."

கண்ணாடியை இன்னொரு தடவை பார்த்தேன். அவர் சொன்னதனால் மட்டும் அல்ல. ஸ்டீயரிங் பிடித்திருந்த எனக்கும் அது தெரிந்திருந்தது.

கார் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியபோது எல்லாரும் சிரித்தீர்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. என் பெயர் கெட்டுப்போகிற கதை இது. இரண்டு நாள் பேனாவைத் தொடாமல் இருந்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கண்டக்டரின் முதுகு

என் வீட்டுக்காரர் தேவராஜ் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முகூர்த்த நாளில் பஸ்ஸுக்குள் எள் போட்டால் எள் விழாது. அந்தக் கூட்டத்தில் நடுவில் நின்றுகொண்டு படிக்கட்டை எட்டிப் பார்க்க முடியுமா? பார்க்கவே மாட்டார். பஸ் அமுங்குகிற அமுங்கலில் அவருக்குத் தெரிந்துவிடும். "பின்னாடி ரெண்டு ஏறிச்சி, முன்னாடி ஒண்ணு எறங்கிச்சி, ரைட்!" என்பார். தப்பினதே இல்லை என்று அவரோடு வேலை பார்த்த டிரைவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"ஏறினா அமுங்கும், எறங்கினா ஒரு குலுக்கு குலுக்கும். ரெண்டும் வேற வேற" என்று கல்யாணமான புதிதில் எனக்குப் பாடம் எடுத்தார். என் வேலை எனக்கு, போங்கய்யா என்று விட்டுவிட்டேன். நான் கிராம சுகாதார நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊருக்குள் என்னை நர்சம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

முப்பது வருஷம் நின்றுகொண்டே போனதில் அவர் முதுகெலும்பு தேய்ந்துபோயிற்று. போன வருஷம் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு இடது பாதம் தொங்கிவிட்டது. தூக்கு என்றால் தூக்க வராது. வாரம் இரண்டு நாள் காஞ்சிபுரத்துக்கு வந்து பயிற்சி செய்ய வேண்டும் என்றார் டாக்டர். "மூணு மாசத்துக்குள்ள கால் திரும்பணும். அதுக்கு மேல போனா உறுதி சொல்ல முடியாது. வழியில முதுகுல அடி மட்டும் விழக் கூடாது" என்றார்.

அடி விழக் கூடாதாம். நம் ரோட்டை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

ஒரு விரல் நீளம்

எங்கள் கார் கிரீம் கலரில் ஒரு சின்னக் கார். அந்த மாடலைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. பின் சக்கரத்துக்கு மேலே இருக்கிற இரண்டு சாக் அப்சார்பரும் போய்விட்டிருந்தன. பள்ளத்தில் விழுந்து எழுந்த வண்டியின் ஆட்டத்தை அடக்குகிற குழாய்தான் அது. அது போய்விட்டால் வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின் சீட்டிலிருந்து "அம்மா..." என்று ஒரு சத்தம் வரும். எனக்கு ஸ்டீயரிங்கைப் பிடுங்கி எறியலாம் போல இருக்கும்.

எங்கள் ஊர் மெக்கானிக் ஏழுமலை காரின் பின்பக்கத்தை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுக் கையை எடுத்தான்.

"பாத்தீங்களா நர்சம்மா? ஒரு தபா அமுக்கினா ஒரு தபா எழுந்து நின்னுடணும். இது நாலு தபா எழுந்து எழுந்து குந்துது. ஜோடியா மாத்தணும்."

"மாத்துப்பா. அதுக்குத்தான வந்தேன்?"

"புதுசு வர்றதில்ல. பழசுதான் தேடணும். உங்க மாடலே வேணும்."

வேறு மாடலில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தான். ஒரு விரல் நீளம் அதிகம். இன்னொன்று நீளம் சரியாக இருந்தது, ஆனால் அடியில் போல்ட் போகிற கண் பெரிதாக இருந்தது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் என்று பஸ் ஏறி அலைந்தேன். நாய் படாத பாடு. போகிற கடையில் எல்லாம் "வூட்ல ஆம்பளை யாரும் இல்லியாம்மா?" என்று ஒரு கேள்வி வேறு. ஆம்பளையின் காலுக்காகத்தான்டா அலைகிறேன் என்று ஒருவனிடம் சொல்லியே விட்டேன்.

இதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. வலி தாங்காமல் நான்கு தடவை பயிற்சிக்குப் போகவில்லை. ஒரு நாள் காலை அவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது என் கால் மாதிரியே இல்ல ரூபி" என்றார். அழாத மனிதர். நான் சமையல்கட்டுக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

எந்தூரு நீங்க?

உத்திரமேரூரை விட்டு வெளியே வந்ததும் ஏகாம்பரம் என்பவரின் காயலாங்கடை இருக்கிறது. பழைய வண்டிகளை உடைத்துச் சாமான் சாமானாக விற்கிறவர். ஐம்பது வயதிருக்கும். நெற்றி நிறைய விபூதி. நான் மாடல் பெயரைச் சொன்னதும், "இல்லம்மா" என்றார்.

ஆனால் அவர் கண் ஒரு மூலைக்குப் போய் வந்ததை நான் பார்த்துவிட்டேன். நோயாளி பொய் சொன்னால் கண்டுபிடிக்கிற கண் எனக்கு. நேரே அந்த மூலைக்குப் போனேன். தகரத்தின் கீழ் தனியாகச் சில சாமான்கள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் ஒரு வெள்ளைப் பொட்டு. அதில் கட்டுக்கம்பியால் சேர்த்துக் கட்டின ஒரு ஜோடி, சாட்சாத் எங்கள் வண்டி சாக் அப்சார்பர்.

"இது இன்னாய்யா?" என்றேன்.

ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார். "அது சாவு வுழுந்த வண்டி சாமான்மா. எங்க தொழில்ல ஒரு மொறை கீது. இந்தாண்ட சாவு வுழுந்தா சாமான ஆத்துக்கு அந்தாண்டதான் குடுப்போம். அதே ரோட்டுல மறுபடியும் ஓடக் கூடாது. பாலாத்தத் தாண்டிட்டா அதுக்குத் தடம் தெரியாது."

"எதுக்குத் தடம் தெரியாது?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்தூரு நீங்க?" என்றார்.

ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவச்சி நான். பொட்டாவது தடமாவது என்று நினைத்தேன். வாய் தானாகச் சொல்லிற்று: "ஓரிக்கை."

ஓரிக்கை பாலாற்றுக்கு அந்தக் கரை. மானாம்பதி இந்தக் கரை.

"நெஜமாவா?"

"பொய் சொல்லி எனக்கு இன்னாய்யா ஆவப்போவுது?"

அவர் கம்பியைப் பிரிக்காமல் அப்படியே பையில் போட்டுக் கொடுத்தார். கையில் வாங்கும்போது இரும்பு குளிர்ந்திருந்தது. தகரத்தின் கீழ், அந்த வெயிலில், எப்படிக் குளிர்ந்திருக்கும்? நிழலில் கிடந்தது, அதனால் என்று சொல்லிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து கைக்குட்டையை எச்சில் தொட்டு இரண்டு பொட்டையும் துடைத்துவிட்டேன். ஏழுமலை பார்த்தால் மாட்ட மாட்டான் என்று தெரியும்.

ஏழுமலை ஒன்றை நிமிர்த்தி வைத்துத் தண்டை அழுத்திப் பார்த்தான். ஒரே சீராக இறங்கியது. "புதுசு கணக்கா கீதே! எண்ண ஒரு சொட்டு கசியல. எங்க புடிச்சீங்க?" என்றான். மாட்டி முடித்துக் காரின் பின்பக்கத்தை அமுக்கினான். ஒரு தடவை எழுந்து நின்றுவிட்டது.

அந்த முதல் பயணத்தில்தான் ஆள் ஏறிற்று.

இறங்காமல் போன ஆள்

அன்று ஏரிக்கரையைத் தாண்டின பிறகும் வண்டியை மெதுவாகவே ஓட்டினேன். பின்பக்கம் கனமாகவே இருந்தது. பாலாற்றுப் பாலத்துக்குக் கொஞ்ச தூரம் முன்னால், புளியமரங்கள் முடிகிற இடத்தில், அந்தக் கனம் போய்விட்டது.

"எறங்கிடுச்சா?" என்று கேட்டேன்.

அவர் கூடையோரம் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "எறங்கல ரூபி. எறங்கினா குலுக்கும். இது குலுக்கல. ஆளு அப்படியே இல்லாம போச்சி."

ஜெபம் சொல்லிக்கொண்டே பாலத்தைத் தாண்டினேன்.

அடுத்த பயணத்திலும் அதே இடத்தில் ஏறிற்று, அதே இடத்தில் இல்லாமல் போயிற்று. மூன்றாவது தடவை ஏறினபோது ஈர மண் வாசனை வந்தது. ஆஸ்பத்திரியில் நிறுத்திக் கதவைத் திறந்தேன். வலது பக்கம் கால் வைக்கிற விரிப்பில் சேறு. ஏரியே தண்ணீர் வற்றிப் பிளந்து கிடக்கிற மாதம் அது. நான் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஏழுமலை வண்டியைத் தூக்கி வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். "ஆளு குந்தினா எடையத் தாங்கறது ஸ்பிரிங்கு. சாக் அப்சார்பருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல நர்சம்மா. ஸ்பிரிங்கு உங்க பழைய ஸ்பிரிங்குதான். அது நல்லா கீது" என்றான். எனக்குத் தைரியம் சொல்வதாக அவன் நினைப்பு. இருந்த தைரியத்தையும் எடுத்துக்கொண்டு போனான்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்று நடந்தது. பள்ளங்களில் அவர் "அம்மா" என்று கத்துவது நின்றுபோயிற்று. முதுகில் அடியே விழவில்லை. ஐந்தாவது பயணத்துக்குப் பிறகு ஒரு நாள் காலை கட்டைவிரல் அசைந்தது. கடுகளவு அசைவு. இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அத எறக்கிடாதம்மே" என்றார். சாக் அப்சார்பரைச் சொல்கிறாரா, ஏறுகிற ஆளைச் சொல்கிறாரா என்று நான் கேட்கவில்லை.

மழை பெய்த காலை

தாங்க முடியாமல் தனியாக ஏகாம்பரத்தைப் போய்ப் பார்த்தேன். அந்த வண்டி யாருடையது, யார் செத்தது என்று கேட்டேன். நான் மானாம்பதி என்று சொன்னதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"படிச்சி படிச்சி கேட்டனேம்மா! ஓரிக்கைனு வாய் கூசாம சொன்னீங்களே! நீங்கள்ளாம் நர்சா?"

வாங்கிக் கட்டிக்கொண்டேன். கொஞ்சம் ஆறிய பிறகு சொன்னார். "அது வாடகைக்கி ஓடின வண்டி. உங்களுது கணக்காவே கிரீம் கலரு. புது சாக் அப்சார்பர் மாட்டி ஒரு மாசங்கூட ஆவல. ஏரிக்கர திருப்பத்துல ஒரு பொண்ண ஏத்தினாங்க. மழை. ஊருக்குள்ள வண்டி போவல, சேத்துல நடந்தே வந்து ஏறிச்சாம். பாலம் வர்றதுக்குள்ள உசிரு போச்சி. அப்பறம் அந்த வண்டிய ஒருத்தரும் கூப்புடல. இங்க வந்துடுச்சி. இத்தினி வருசமா அந்தாண்டக்காரங்க யாரும் இத கேட்டு வரல. எறக்கிடும்மா. இப்பவே எறக்கிக் கொண்டாந்துடு."

அந்தப் பெண்ணின் பெயரை அவர் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. அவள் பெயர் அஞ்சலை.

இனி எழுதப்போவதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாள் முழுக்கத் தடுப்பூசி முகாமில் நின்றுவிட்டு வந்து காலை நீட்டியிருந்தேன். விளக்கு வைக்கிற நேரம். அஞ்சலையின் புருஷன் கன்னியப்பன் வந்து வாசலில் நின்றான். ஏரிக்கரைக் காலனியிலிருந்து மழையில் நனைந்துகொண்டே வந்திருந்தான். "தலை இடிக்குதுன்றா நர்சம்மா. கண்ணு மங்கலா தெரியுதுன்றா" என்றான். அவளுக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிள்ளை.

கர்ப்பிணிக்குத் தலை இடித்துக் கண் மங்கினால் அந்த நிமிஷமே வண்டியில் ஏற்ற வேண்டும். பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்த பாடம் அது. நான் பலருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். ஆனால் அன்று என் கால் வலித்தது. வெளியே மழை. "பகல்லாம் வேலை செஞ்சிருப்பா. காத்தால கூட்டினு வா, பாக்கறேன்" என்றேன்.

காலையில் அவர்களே வாடகை வண்டி வைத்துக் காஞ்சிபுரம் கிளம்பினார்கள்; வழியிலேயே வலிப்பு வந்து போய்விட்டாள். பிள்ளையும் உள்ளேயே போயிற்று.

கன்னியப்பன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சொன்னதை அவன் யாரிடமும் சொல்லவும் இல்லை. செங்கல் சூளை வேலைக்குப் போகிறேன் என்று போனவன் ஊருக்குத் திரும்பவில்லை. நான் பணி ஓய்வு விழாவில் சால்வை போர்த்திக்கொண்டேன். நல்ல நர்ஸ் என்று எல்லாரும் பேசினார்கள். அந்தச் சால்வையை இன்றுவரை நான் பிரித்துப் போர்த்தினதில்லை.

வா தாயி

கழற்றினால் அவர் கால் போய்விடும். கழற்றாவிட்டால் அவள் வாரத்துக்கு இரண்டு முறை ஏறி, பாலத்தைத் தாண்டாமல், வாரத்துக்கு இரண்டு முறை சாவாள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காரை எடுத்தேன். அவரிடம் ஒரு வார்த்தைதான் சொன்னேன். "அந்த ஏர்ற ஆள எனக்குத் தெரியுங்க. ஒரு பொண்ணு. என்னாலதான் செத்துது." கர்ப்பிணி என்று சொல்ல நாக்கு வரவில்லை. அவர் என்னைக் கண்ணாடியில் பார்த்தார். சோற்றுக் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஏரிக்கரைத் திருப்பத்தில் முதல் முறையாக வண்டியை நிறுத்தினேன். இறங்கிப் போய் வலது பின் கதவைத் திறந்தேன். காற்று இல்லை. காலனிக்குப் போகிற ஒற்றையடிப் பாதை வெயிலில் வெறிச்சோடிக் கிடந்தது.

"வா தாயி" என்றேன். "அன்னிக்கே நான் வந்திருக்கணும். படுத்துக்கினு இருந்துட்டேன். வா, நானே கூட்டினு போறேன்."

ஈர மண் வாசனை என்னைத் தாண்டிப் போயிற்று. வண்டி தாழ்ந்தது. கதவைச் சாத்தினேன். உள்ளே அவர் தலையணையை இழுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தார்.

"ரைட்" என்றார், மெதுவாக.

புளியமரங்கள் முடிகிற இடம் வந்தது. "இருக்குதா?" என்றேன். "இருக்குது. போ" என்றார். பாலம் வந்தது. ஆற்றில் மணலும் முள்செடியும்தான். "இருக்குதா?" "இருக்குது. நிறுத்தாத." பாலம் முடிந்தது. ஓரிக்கை தாண்டியது. பின்பக்கம் கனமாகவே இருந்தது.

ஆஸ்பத்திரிக்குள் போனதும் பயிற்சிக் கூடத்துக்குத் திரும்பாமல் பிரசவ வார்டு வாசலுக்கு ஓட்டினேன். வாட்ச்மேன் "இங்க நிறுத்தாதீங்க" என்று கத்தினான். கத்தட்டும். இறங்கிக் கதவைத் திறந்துகொண்டு நின்றேன். காரின் பின்பக்கம் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு மேலே எழுந்தது.

"எறங்கிடுச்சி" என்றார் அவர். நான் கதவைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். வாட்ச்மேன் என்ன நினைத்தானோ, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

அன்று பயிற்சி முடிந்து திரும்பும்போது வார்டு வாசலைக் கடந்துதான் வெளியே வர வேண்டும். அங்கே ஸ்கேனுக்குப் போகிறவர்கள் குறுக்கே வந்ததால் ஒரு நிமிஷம் நின்றேன். வண்டி மெத்தென்று தாழ்ந்தது. காலையில் தாழ்ந்ததைவிடக் கொஞ்சம் கூடவோ என்று தோன்றிற்று. மருந்து வாசனையும் பால் வாசனையும் வந்தன.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்க்கவும் தைரியம் இல்லை.

"ரூபி" என்றார் அவர். "ரெண்டு ஆளு. ஒண்ணு மடிக் கொழந்தம்மே. பாத்துப் போ."

பள்ளம் பார்த்து, மேடு பார்த்து ஓட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நான் வண்டி ஓட்டினதில்லை. ஏரிக்கரைத் திருப்பத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தேன். ஒரு குலுக்கு.

அதற்குப் பிறகு அந்த இடத்தில் யாரும் ஏறுவதில்லை. அவர் இப்போது கோல் பிடிக்காமல் நடக்கிறார். ஏகாம்பரத்தின் ஜோடி இன்னும் எங்கள் வண்டியில்தான் இருக்கிறது. ஏரிக்கரை வந்தால் நான் இன்றும் நிறுத்துகிறேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவர் "ரைட்" சொன்ன பிறகுதான் எடுக்கிறேன்.